பழைய மாஸிக்குப் புது ஒயரிங்: ஒட்டுப்போடுவதா, செட் வாங்குவதா, கையால் இழுப்பதா?

எங்கள் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரை இரண்டு வருடம் ஸ்க்ரூடிரைவரால்தான் ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம். சாவி இருந்தது, திருப்பினால் எதுவும் நடக்காது. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்குக் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பொறி பறக்கும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சென்ற புரட்டாசியில் ஒரு காலை, முந்தைய நாள் யாரோ கியரில் விட்டுப்போயிருந்த வண்டி, தட்டியதும் பாய்ந்தது. தட்டுகிறவன் நிற்கும் இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். என் தம்பி துள்ளி ஓரமாக விழுந்ததால் பிழைத்தான். வண்டி வைக்கோல் போரில் முட்டி நின்றது.

அன்றே ஒயரிங்கை மாற்றுவது என்று முடிவாயிற்று. எப்படி மாற்றுவது என்று முடிவாக மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் விசாரித்ததையும், பிறகு மச்சானின் வண்டிக்கு ஒரு விதமாகவும் எங்கள் வண்டிக்கு வேறு விதமாகவும் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் நஞ்சையில் சேறடிக்கிறவன் சொல்வது இது. தென்னந்தோப்பில் ஓட்டுகிறவர்களுக்குச் சேறு பற்றிய பேச்சு மிகையாகத் தோன்றலாம்.

முதலில் ஒரு விஷயம். டிராக்டர் ஒயரிங் இவ்வளவு கேவலமாகப் போகக் காரணமே டீசல் எஞ்சின்தான். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். பம்ப்பும் நாசிலும் தாமாக வேலை செய்யும். நிறுத்துவதற்கும் இழுக்கிற கம்பிதான். பெட்ரோல் வண்டியில் ஒயர் அறுந்தால் வண்டி நின்றுவிடும், உடனே கவனிப்போம். இங்கே லைட் போனாலும், மீட்டர் போனாலும், பேட்டரியே போனாலும் வண்டி உழுதுகொண்டிருக்கும். ராத்திரி வாய்க்கால் கரை மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்கிற வண்டிகள் எங்கள் ஊரில் இப்போதும் மூன்று இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் ஏழைகள் அல்லர்.

அப்படி விட்டுவிட்ட வருடங்களில் ஒயரிங் என்ன ஆகிறது என்பதைப் பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். எங்கள் வண்டியில் பேட்டரிப் பெட்டிக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தது; நெல் உமி, சணல் நார், நடுவே சிவப்பு ஒயரின் தோல். எஞ்சினை ஒட்டிப் போன ஒயர் சூட்டில் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. டீசல் கசிந்த இடத்தில் தோல் ஊறிப் பிசுபிசுத்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பத்துப் பன்னிரண்டு எலக்ட்ரீசியன்களின் கைவேலை. ஒவ்வொருவரும் முன்னவர் போட்டதைத் தொடாமல் தம் பங்குக்கு ஒரு ஒயரை இழுத்து டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியில் கழற்றிப் போட்டபோது, இரு முனையும் எதிலும் சேராத ஒயர்கள் மட்டும் ஒரு கைப்பிடி இருந்தன.

இனி வழிகள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது ஒன்று. கடையில் அந்த மாடலுக்கென்று விற்கிற ஒயரிங் செட்டை வாங்கி மாட்டுவது இன்னொன்று. தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்து, புது ஒயர் வாங்கி ஒவ்வொன்றாக இழுப்பது மூன்றாவது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை வைத்துக்கொள்வதா, அதே வேலைக்கான புது வகை ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா என்பது இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் தனிக் கேள்வி. அதை முன்பே முடிவு செய்யாமல் ஒயரில் கைவைத்தால் வேலை இரட்டிப்பாகும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய டைனமோ, லூகாஸ் சி40 வகையைச் சேர்ந்தது, முழு வேகத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. கணக்குப் பாருங்கள்: 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு ஏழரை ஆம்பியர், பின்னால் கலப்பையைப் பார்க்கப் போட்ட 55 வாட் விளக்குக்கு நாலரை, டெயில், பார்க்கிங், மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை. ஆக, பதினான்கு பதினைந்து ஆம்பியர் விளக்குக்கே போய்விடும். மிச்சம்தான் பேட்டரிக்கு. சேற்றில் எஞ்சின் வேகம் ஏறி இறங்கும்போது அந்த மிச்சமும் இராது. இரவு இரண்டு மணி வரை சேறடித்துவிட்டுக் காலையில் செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருவது இதனால்தான். பேட்டரி மீது பழி போட்டு இரண்டு பேட்டரி மாற்றியவன் நான்.

ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும். டிராக்டருக்குப் போடுகிற சிறிய வகையே 35 ஆம்பியர் வரை தரும். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இணைப்பைத் துண்டிக்கும் கட்டவுட், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி என்று தனியாக எதுவும் வேண்டாம். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகை எளிதாகக் கிடைக்கிறது. பழைய கட்டவுட்டில் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குக் கரண்ட் பாய்ந்து ஒயர் சூடாகி எரியும். அந்தப் பயம் இதில் இல்லை.

இதை வைத்து எல்லோரும் மாறிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பகலில் மட்டும் ஓடும் வண்டி, டைனமோ நன்றாக இருக்கிறது, கார்பன் மாற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்றால் டைனமோவே போதும். பொறுமையான பொருள் அது. ஆல்டர்னேட்டர் அப்படியல்ல. பேட்டரியை ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் டயோடு போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றினால் போய்விடும். கலப்பையில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் விட்டாலும் போக வாய்ப்பு உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த மூன்றும் வாரத்துக்கு ஒருமுறை நடப்பவை. ஹெட்லைட்டை நல்ல எல்.இ.டி.க்கு மாற்றி, டைனமோவை அப்படியே விடுவது ஒரு நடுவழி. ஹெட்லைட்டின் சுமை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பழைய ரெகுலேட்டர் சரியாக அமையாத வண்டியில் வோல்ட் எகிறும், மலிவான எல்.இ.டி. அதில் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் இருக்கும் பழைய ஆம்பியர் மீட்டர் இருபுறமும் 30 வரை காட்டுவது. செல்ஃப் தவிர வண்டியின் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகும். பெரிய ஆல்டர்னேட்டரைப் போட்டுவிட்டு அதே மீட்டரையும் அதே ஒயரையும் விட்டுவைத்தால் முதலில் சூடாகிறது மீட்டரின் பின்பக்கத் திருகு. எங்கள் வண்டியில் மீட்டருக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. கைவைத்தவுடன் கையை இழுத்துக்கொண்டேன். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் நேரே பேட்டரிப் பக்கம் போய்ச் சேர வேண்டும்; டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டருக்குப் பதில் வோல்ட் மீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் நலம்.

இப்போது மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

ஒட்டுப்போடுவதை எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். எங்கள் வண்டியைப் பிரிப்பதற்கு முன் எலக்ட்ரீசியன் தம்பி மல்டிமீட்டரோடு ஒரு மணி நேரம் சுற்றி வந்தார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்தபோது பேட்டரி முனையில் 12.4 வோல்ட், பல்பின் முனையில் 10.1. வழியில் இரண்டேகால் வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். இந்த அளவு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான். ‘பல்பு நன்றாக இல்லை’ என்று நாங்கள் வருடா வருடம் பல்பு மாற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பல்பின் எர்த் பக்கத்திலும், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் பக்கத்திலும், வைத்தார். அங்கே பூச்சியம் போல ஏதாவது காட்ட வேண்டும். 1.1 காட்டியது. “அண்ணே, தொலைந்ததில் பாதி எர்த்தில்தான் தொலைந்திருக்கிறது” என்றார். பெயின்ட்டுக்கு மேல் திருகி வைத்த எர்த், அதன் மேல் சேறு, அதன் மேல் துரு. திருகைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் மறுபடி திருகி, மேலே கிரீஸ் தடவியதும் பல்பில் 11.1 வோல்ட் வந்துவிட்டது. செலவு ஒரு உப்புத்தாள்.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன் எல்லா எர்த்தையும் தேய்த்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு, ஹெட்லைட், டெயில் லைட் ஒவ்வொன்றுக்கும். அதன்பிறகும் கோளாறு ஓரிடத்தில்தான் இருக்கிறது, மற்ற ஒயர்களை விரலில் சுற்றினால் தோல் வெடிக்காமல் வளைகிறது, முனையில் ஒரு அங்குலம் தோலை உரித்தால் செம்பு சிவப்பாகவே இருக்கிறது என்றால் ஒட்டுப்போடுவதே அறிவுள்ள வழி. செம்பு கருத்து இருந்தால் இன்னும் ஒரு அங்குலம் உரியுங்கள். அங்கேயும் கருப்பு என்றால் அந்த ஒயருக்கு ஒட்டு வேண்டாம். ஈரம் உள்ளே தொலைவு வரை போய்விட்டது. எங்கள் வண்டியில் அரை அடி உரித்த பிறகும் கருப்பாகவே வந்தது.

ஒட்டும் முறையில் ஒரு சண்டை எப்போதும் உண்டு. இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றுவது வீட்டு ஒயரிங் செய்கிறவர்கள் பழக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, ஆறு மாதத்தில் வால் போலத் தொங்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஈயம் ஒயருக்குள் ஏறி நின்ற இடம் கம்பி போல விறைத்துவிடும். டிராக்டரின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

அடுத்து, ரெடிமேட் செட். 1035 போன்ற ஓடித் தேய்ந்த மாடலுக்கு இது எளிதாகக் கிடைக்கும். மாஸி செய்கிற டஃபே 1960-இலிருந்து சென்னையில் இருக்கிறது, வண்டி மின்பொருள் செய்கிற, 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னையின் பாடிப் பகுதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாஸிக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை என்று யாரும் அழுது நான் கண்டதில்லை. மாவட்டத் தலைநகரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். எங்கள் பக்கம் விற்கிற செட்டின் விலை புது பேட்டரியின் விலையில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. நிறம் பிரித்து, அளவாக வெட்டி, முனையில் டெர்மினல் போட்டுத் தருகிறார்கள். மச்சானின் வண்டி எங்களுடையதைவிடப் பத்து வருடம் இளையது, யாரும் கைவைக்காதது. காலையில் பழையதைக் கழற்றித் தரையில் அதே வடிவில் பரப்பி, பக்கத்தில் புதியதைப் பரப்பி, முனைக்கு முனை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டினோம். மாலை ஐந்து மணிக்கு ஹாரன் அடித்தது.

ஆனால் அதிலும் ஒரு கசப்பு. உறையில் எழுதியிருந்ததைப் பார்த்து, ஹெட்லைட் ஒயர் 28 இழை என்று நம்பி வாங்கினோம். 0.30 மில்லிமீட்டர் இழை 28 சேர்ந்தால் ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். பதினேழு ஆம்பியர் வரை தாங்கும். இரவில் ஹெட்லைட் மங்கலாக இருந்ததால் சந்தேகம் வந்து முனையைப் பிரித்து எண்ணினோம். பத்தொன்பது இழைதான் இருந்தது. தோல் மட்டும் தடிமனாக இருந்ததால் பார்வைக்கு ஏமாந்துவிட்டோம். கடைக்காரர், “எல்லோரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள், ஒருவரும் குறை சொன்னதில்லை” என்றார். எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் கடையிலேயே ஒரு முனையைப் பிரித்து இழையை எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுக்கிறோம். கம்பெனி செட் கொஞ்சம் விலை கூடுதல்; அந்தக் கூடுதல் தகும்.

செட்டின் இன்னொரு குறை, அது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கானது. அதன்பிறகு நீங்கள் டைனமோவை ஆல்டர்னேட்டராக்கி, பின்னால் விளக்கு வைத்து, டிரெய்லருக்கு சாக்கெட் போட்டு, மொபைல் சார்ஜரும் பாட்டுப் பெட்டியும் மாட்டியிருப்பீர்கள். செட்டுக்கு அவை தெரியாது. அவற்றுக்கு மறுபடி பக்கத்தில் தனி ஒயர் இழுக்கத் தொடங்கினால், ஐந்து வருடத்தில் பழைய கதை. பழைய வடிவத்தை அப்படியே பின்பற்றும் செட்டுகளில் பியூஸ் எண்ணிக்கையும் குறைவு. ஒரு பியூஸ் போனால் ஹாரன், டெயில், மீட்டர் எல்லாம் சேர்ந்து போகும். எது கெட்டது என்று தேடுவதற்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்துவிடுவோம். வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் ஈயத்தாள் பியூஸ்! பியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. ஒயர் எரிந்தால் அதற்கு மேல் என்னென்ன எரியும் என்பது அன்று ஏற்றிய பாரத்தைப் பொறுத்தது.

எங்கள் வண்டிக்கு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு ஒரே காரணம் மேலே சொன்ன மாற்றங்கள் அத்தனையும் எங்கள் வண்டியில் இருந்ததுதான். கையால் இழுப்பதில் சிக்கனம் எதுவும் இல்லை. ஒயர், டெர்மினல், ஸ்லீவ், பியூஸ் பெட்டி, ரிலே எல்லாம் சேர்த்தாலே செட்டின் விலையைத் தாண்டிவிட்டது; கூலி அதற்கு மேல். எலக்ட்ரீசியனுக்கு இரண்டரை நாள். அந்த இரண்டரை நாளும் அவர் நம் களத்தில் இருக்க வேண்டும் என்றால் சம்பா நடவுக்கு முன் பிடிக்க முடியாது. தை அறுவடை முடிந்து, வண்டி சும்மா நிற்கும் மாசியில் வைத்துக்கொண்டோம். இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஆள். செட்டைச் சுமாரான ஆள் மாட்டினாலும் வேலை செய்யும். கை ஒயரிங் முழுக்க முழுக்க ஆளைப் பொறுத்தது.

ஒயர் வாங்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீட்டு ஒயர் வேண்டாம். ‘மோட்டார் கொட்டகையில் மிச்சம் கிடக்கிறது, நல்ல கம்பெனி ஒயர்’ என்று அப்பா எடுத்து வந்தார். தடித்த சில கம்பிகள் சேர்ந்த அந்த ஒயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. டிராக்டர் ஒயருக்கு மெல்லிய இழைகள் பல வேண்டும். அதிர்வில் ஒடியாமல் ஆடிக்கொடுக்க வேண்டும். டீசலும் எண்ணெயும் பட்டாலும் தோல் ஊறாத ஆட்டோ ஒயராகவே வாங்க வேண்டும். அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

அளவுக்கு நாங்கள் வைத்துக்கொண்டது: ஹாரன், டெயில், மீட்டருக்கு 14 இழை, ஹெட்லைட்டுக்கும் பின் விளக்குக்கும் 28 இழை, ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயருக்கு 65 இழை. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கேபிள் இந்தக் கணக்கில் சேராது. செல்ஃப் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் பாய்கிற இடம் அது. பெருவிரல் பருமனுக்கு இருக்க வேண்டும், எர்த் கேபிளும் அதே பருமன். போகிற கேபிளைப் புதிதாகப் போட்டுவிட்டு எர்த்துக்குப் பழைய பின்னல் பட்டையை விட்டுவைப்பது நம்மவர்களின் பிடித்தமான சிக்கனம்.

நிறத்துக்கு, இங்கிலாந்தின் பழைய முறையையே வைத்தோம். எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர் பழுப்பு, சாவி திருப்பிய பின் வருவது வெள்ளை, பியூஸ் தாண்டியது பச்சை, ஹெட்லைட் நீலம், டெயில் சிவப்பு, எர்த் கருப்பு. ஆறு நிறமும் கடையில் இல்லாதபோது கிடைத்த நிறத்தில் இழுத்து, இரு முனையிலும் எண் எழுதிய ஸ்லீவ் மாட்டினோம். கடையில் வாங்கும் செட்டில் நிறம் செட்டுக்குச் செட்டு மாறலாம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். 1950-களின் ஃபெர்குசன் போன்ற மிகப் பழைய வண்டியை யாராவது ஆசைக்கு வைத்திருந்தால், அவற்றில் பாசிட்டிவ்தான் பாடி எர்த். அங்கே கருப்பைக் கண்டவுடன் நெகட்டிவ் என்று முடிவு கட்டக் கூடாது.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே வைத்தது எனக்குத் தெரிந்து மிகப் பயனுள்ள செலவு. பழைய முறையில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு ஏறி, டிம் சுவிட்சுக்கு இறங்கி, பிறகு முன்னால் போகும். வழி நெடுக வோல்ட் உதிரும், சுவிட்சும் எரியும். ரிலே போட்டால் சுவிட்சுக்குச் சொற்பக் கரண்ட்தான். பெரிய கரண்ட் குறுக்கு வழியில் பல்புக்குப் போய்விடும். ரிலேயில் 30 என்ற காலுக்கு பியூஸ் வழியாகப் பேட்டரி, 87-க்குப் பல்பு, 85-க்கு எர்த், 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் ஒயர். முன்பு 10.1 காட்டிய இடத்தில் இப்போது, எஞ்சின் ஓடும்போது, 13.5 இருக்கிறது. நாற்றங்காலில் நிற்கும் கொக்கு வரப்பின் மறுமுனையிலேயே தெரிகிறது. ரெடிமேட் செட் போடுகிறவர்களும் இந்த ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்துகொள்ளலாம், மச்சான் செய்துகொண்டார்.

மூன்று வழிக்கும் பொதுவாகச் செய்ய வேண்டியவை சில உண்டு. கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் சுற்றும்படி வைத்த சேஃப்டி சுவிட்சைப் பழைய எலக்ட்ரீசியன்கள் ஒயரை ஒட்டவைத்துச் செத்ததாக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அதை உயிர்ப்பித்த பிறகே கூலி கொடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச் ஒன்று வையுங்கள். இரவில் அணைத்துவிட்டால் எலி கடித்தாலும் தீப்பிடிக்காது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது, ஆல்டர்னேட்டர் போய்விடும். டிரெய்லர் சாக்கெட்டுக்குத் தனி பியூஸ். கரும்பு ஏற்றிய டிரெய்லர் டெயில் லைட் இல்லாமல் இருட்டுச் சாலையில் போனால், பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரிவது முட்டிய பிறகுதான்.

எனக்கு எது சரி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. வண்டி மாற்றம் செய்யாதது, ஒயர் மட்டும் காய்ந்துவிட்டது என்றால், யோசிக்காமல் கம்பெனி செட் வாங்குங்கள். எங்களைப் போல் இரண்டரை நாள் தரையில் உட்கார வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் விற்கப் போகிற வண்டிக்கும், கோளாறு ஓரிடத்தில் மட்டும் இருக்கிற வண்டிக்கும் எர்த்தைத் தேய்த்து, அந்த இடத்தை ஒட்டினால் போதும். கை ஒயரிங் இரவு வேலை, டிரெய்லர், கூடுதல் விளக்கு என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற வண்டிக்கு மட்டும். அதுவும் படம் வரைந்து கையில் கொடுக்கிற ஆள் கிடைத்தால் மட்டும். எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி ஒரு முழுத்தாளில் வரைந்து, எண் போட்டு, எழுதியும் கொடுத்தார். லேமினேட் செய்து டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. படம் தர மறுக்கிற ஆளிடம் கை ஒயரிங் கொடுப்பதைவிடச் செட்டே மேல். அவர் வெளியூர் போன அன்று வண்டி நின்றால், நம்மால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

வேலை முடிந்த மாலை, பேட்டரியை நேரே மாட்டப் போனேன். எலக்ட்ரீசியன் தம்பி கையைப் பிடித்துத் தடுத்தார். நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பைச் சேர்த்தார். எல்லா சுவிட்சும் அணைந்திருந்தன. எங்கும் ஷார்ட் இல்லை என்றால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் ஏதோ ஒரு ஒயர் பாடியைத் தொடுகிறது, ஆனால் பல்பு நடுவில் இருப்பதால் எதுவும் கருகாது. பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளாமல் பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். முதல் மூன்றில் மாற்றமில்லை. நான்காவதைப் பிடுங்கியதும் அணைந்தது. நான்காவது ஹாரன். பானெட்டின் கீல் மடியும் இடத்தில் ஒயர் நசுங்கி, தோல் நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் ஸ்லீவ் ஏற்றி, ஒயரை இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டினார். பியூஸை மறுபடி சொருகியபோது பல்பு எரியவில்லை.